பிச்சாவரமா, முத்துப்பேட்டையா, கோடியக்கரையா: ஒரு நாளில் போய்வர எது?

டெல்டாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் அல்லது கல்யாணம். இரண்டும் வேண்டாம், தண்ணீரும் காடும் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால் மூன்று ஊர்ப் பெயர்தான் அடிபடும். பிச்சாவரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை. மூன்றையும் 'அலையாத்திக் காடு, பறவை, கடல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அந்த நினைப்பில் மாசியில் போக வேண்டிய இடத்துக்குச் சித்திரையிலும், காலை ஆறுக்கு நிற்க வேண்டிய இடத்தில் பதினொன்றுக்கும் போய் நின்றுவிட்டு, 'ஒண்ணுமே இல்லை' என்று திரும்புகிறவர்கள் ஏராளம். இந்த மூன்றில் எதற்குப் போவது என்பதை ஊரின் பேர் தீர்மானிப்பதில்லை. என்ன மாதம், வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் இடங்களின் குணம். பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. காடு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். முத்துப்பேட்டை டெல்டாவின் தென்கோடி. பாமணியாறு, கோரையாறு போன்ற வடிகால்கள் வந்து சேரும் காயல் அது. அங்கே காப்புக்காட்டின் பரப்பு 12,000 ஹெக்டேரைத் தொடும், ஆனால் அதில் பெரும்பகுதி சேற்றுத்திட்டும் திறந்த நீரும்தான். கோடியக்கரையில் சுற்றுலாப் படகே கிடையாது. கடற்கரை தெற்கே போய்க்கொண்டிருந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனையில், வறண்ட பசுமைமாறாக் காடும் புல்வெளியும் உப்புச் சதுப்பும் சேர்ந்த சரணாலயம் அது. 1967-இல் அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியபோது கோடியக்கரையும் முத்துப்பேட்டைக் காடும் நடுவிலுள்ள வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் சேர்ந்து ஒரே தளமாகத்தான் ஏறின, மொத்தம் 38,500 ஹெக்டேர். பிச்சாவரம் 2022-இல் தனியாகச் சேர்ந்தது. ஒரே சதுப்பின் இரண்டு முனைகள் என்பதால் கோடியக்கரையையும் முத்துப்பேட்டையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். அந்த ஆசையைப் பற்றிக் கடைசியில்.

பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் பிரிப்பது மரம். பிச்சாவரத்தில் சுரபுன்னை நிறைய. தண்டிலிருந்து வில்லாக வளைந்து தண்ணீரில் ஊன்றும் முட்டு வேர்கள் அதற்கு உண்டு. ஒடுங்கிய வாய்க்காலின் இரு கரையிலும் அது நின்றால் மேலே கிளைகள் கோத்துக்கொள்ளும். படங்களில் நாம் பார்க்கும் பச்சைக் குகை அதனால் உண்டாவதுதான். முத்துப்பேட்டையில் கிட்டத்தட்ட எல்லாமே வெண்கண்டல். அதற்கு முட்டு வேர் கிடையாது. சேற்றிலிருந்து பென்சிலை ஊன்றிவைத்தது போல ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். மரம் கரையோடு நிற்கும், வாய்க்காலுக்கு மேலே வானம் திறந்துதான் இருக்கும். எனவே 'பிச்சாவரம் மாதிரியே, ஆனா கூட்டமில்லாம' என்று நினைத்து முத்துப்பேட்டைக்குப் போனால் ஏமாற்றம்தான். முத்துப்பேட்டையின் அழகு அகலத்தில் இருக்கிறது. கோரையாற்றில் நெடுநேரம் போய், இரு கரையும் விலகி, காயல் திறக்கும் அந்த இடம்தான் அங்கே காணவேண்டியது.

வெண்கண்டல் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும், மேலே விரலை ஓட்டினால் உப்புப் பரல் ஒட்டும். வேர் வழியே ஏறிய உப்பை அந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. நாக்கில் வைத்தாலே தெரியும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் கைக்கு எட்டுகிற எல்லா இலையையும் கிள்ள விடாதீர்கள். தில்லை மரமும் இதே காட்டில் உண்டு, சிதம்பரத்தின் தலமரம் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, பார்வையையே பாதிக்கும். எது எது என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.

இனி மாதக் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் மூன்றையுமே தள்ளி வைப்பது புத்திசாலித்தனம். மழை நின்று இரண்டு நாள் வெயில் அடித்தால் பிச்சாவரம் மட்டும் போகலாம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்று செய்தியில் பாருங்கள். ஒன்றும் இரண்டும் தூரத்தில் புயல் உருவானதற்கான அறிவிப்பு, மூன்றிலிருந்துதான் உள்ளூருக்கான எச்சரிக்கை தொடங்குகிறது. ஆனால் எண் எதுவானாலும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டால் உல்லாசப் படகும் ஓடாது என்றே வைத்துக்கொண்டு திட்டத்தை மாற்றிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவில்தான். கோடியக்கரைக் காட்டில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கரைக்குப் புயல் மாதத்தில் உல்லாசமாகப் போவது வேண்டாத வேலை.

மார்கழி பாதியிலிருந்து மாசி முடிய மூன்றுக்குமே நல்ல காலம். அதிலும் கோடியக்கரைக்கு இது மட்டும்தான் காலம் என்று சொல்லலாம். வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கினாலும், மழைத்தண்ணீர் வடிந்து சதுப்பில் தண்ணீர் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட அளவுக்கு இறங்கும்போதுதான் பூநாரைகள் கரைப்பக்கம் வந்து மேயும். தண்ணீர் ஆழமாக நின்றால் அவை கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறிவிடும், அடியோடு வற்றினால் இடம் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருஷத்தில் தை கடைசிக்கும் மாசிக்கும் தள்ளிப் போங்கள். மழை பொய்த்த வருஷத்தில் மார்கழியிலேயே போய்விடுங்கள். பலரும் செய்யும் தவறு, எந்த வருஷமானாலும் பொங்கல் லீவில் போவது. காணும் பொங்கலன்று பிச்சாவரத்தில் டிக்கெட் வரிசையைப் பார்த்தாலே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டு நாளும் கோடியக்கரை ஆதிசேதுவில் நீராட வரும் கூட்டத்தால் நிரம்பியிருக்கும். அன்று மான் பார்க்கப் போவது வீண். தர்ப்பணத்துக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு.

பங்குனி தொடங்கிவிட்டால் கோடியக்கரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சதுப்பு காய்ந்து வெடித்துக் கிடக்கும், பறவை போயிருக்கும். வெளிமான் ஆண்டு முழுக்க உண்டு, அதற்காக மட்டும் வெயிலில் வெந்து போக வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பாலைப்பழம். வைகாசி, ஆனியில் கோடியக்கரைக் காட்டுப் பாலை மரங்கள் பழுக்கும். மஞ்சளாக, விரல்நுனி அளவு, பிசின் போல உதட்டில் ஒட்டும் இனிப்பு. வேதாரண்யம் கடைத்தெருவில் படியில் அளந்து விற்பார்கள். அதற்காகவே அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டோம்.

கோடையில் முத்துப்பேட்டையும் சிரமம். மழைக்காலத்திலும் மேட்டூர்த் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் வடிகால்கள் வழியே நன்னீர் வந்து சேரும், காயலில் மட்டம் நிற்கும். ஜனவரி கடைசியில் மேட்டூர் மூடி, வயலும் காய்ந்துவிட்டால் உள்ளே வருவது கடல் நீர் மட்டுமே. காயலின் பெரும்பகுதி இடுப்பளவுகூட இல்லாத ஆழம், அதன் வாயும் வண்டலால் ஒடுங்கியது. வற்றிய நேரத்தில் இயந்திரப் படகு போனால் விசிறி சேற்றைக் கிளறும், பிறகு அடி தட்டும். அப்புறம் படகுக்காரர் இறங்கித் தள்ள வேண்டும், இல்லையேல் தண்ணீர் ஏறும் வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதனால் முத்துப்பேட்டைக்கு மட்டும் தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவில் சுமார் ஆறு மணி நேரம், மறுநாள் இவையெல்லாம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அதிகம் என்றாலும் ஒரு மீட்டருக்குக் கீழேதான். அஷ்டமியை ஒட்டி அது மிகக் குறைவு. ஏற்றத்தோடு புறப்பட்டு, உச்சத்தில் காயலில் இருந்து, வற்றத் தொடங்கும்போதே திரும்பிவிடும்படி அமைந்தால் பௌர்ணமி ஞாயிறு அருமை. நேரம் பொருந்தாது என்றால் அஷ்டமி பக்கத்து ஞாயிறே பாதுகாப்பு, மட்டம் பெரிதாக ஏறாது, பெரிதாக இறங்கவும் செய்யாது. கைபேசியில் நாகப்பட்டினம் ஏற்றவற்ற அட்டவணை கிடைக்கும். காயலுக்குள் அது தாமதமாகவும் குறைந்தும் வரும் என்பதால், கடைசி வார்த்தையைப் படகோட்டுபவரிடம் விட்டுவிடுங்கள்.

முத்துப்பேட்டையில் படகும் அனுமதியும் வனத்துறை கையில். ஜாம்புவானோடைத் துறையிலிருந்து கோரையாறு வழியே போக வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்பே வனச்சரக அலுவலகத்தில் ஆள் எண்ணிக்கையைச் சொல்லிப் பேசிவிடுங்கள். நேரே துறைக்குப் போய் 'படகு இருக்கா?' என்று கேட்டால் பெரும்பாலும் இருக்காது, படகுகளின் எண்ணிக்கையே குறைவு. போக வர அரை நாள் ஆகும். உள்ளே கடை இல்லை, குடிதண்ணீர் இல்லை, கழிப்பறையை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, தொப்பி இவை கட்டாயம். குடை வேண்டாம், காயலில் காற்று அதைப் பிடுங்கும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலும், சர்க்கரை வியாதிக்காக அடிக்கடி எழுந்து போக வேண்டிய பெரியவர் இருந்தாலும் முத்துப்பேட்டையை விட்டுவிடுவதே நல்லது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட, நாலு மணி நேரம் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்த கூட்டத்துக்கு மூன்றில் இதுவே சிறந்தது என்பது எங்கள் கட்சி.

பிச்சாவரத்தில் இந்தக் கவலைகள் எதுவும் கிடையாது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை, டிக்கெட் கவுண்டர், உயிர்காப்பு உடை எல்லாம் இருக்கிறது. அங்கே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: துடுப்புப் படகா, மோட்டார் படகா? மோட்டார் அகலமான கால்வாயில் வேகமாகச் சுற்றிக் காட்டும், பச்சைக் குகைக்குள் நுழையாது. துடுப்புப் படகு மெதுவாகப் போனாலும், கிளைக்குக் குனிந்துகொண்டு போகிற அந்த ஒடுங்கிய வாய்க்கால்கள் அதற்கு மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர்கள் மோட்டாரில் போகட்டும், மற்றவர்கள் காசைத் துடுப்பில் போடுங்கள். உள்ளே எதுவரை, எவ்வளவு நேரம் என்பதை ஏறும் முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். நடுத்தண்ணீரில் பேரம் பேசினால் இரு பக்கமும் முகம் சுளிக்கும். காலை ஒன்பதுக்குள் வரிசையில் நின்றுவிட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். சாயங்காலம் நாலுக்கு மேல் வருகிறவர்களுக்கு நீண்ட சுற்றுக்கு நேரம் இருக்காது.

கோடியக்கரைக்கு வருவோம். இங்கே கடிகாரம் இரக்கமே காட்டாது. வெளிமான் மேய்ச்சலுக்குப் புல்வெளியில் நிற்பது காலை எட்டு வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவில் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், நீங்கள் பார்ப்பது காட்டுக் குதிரையும் குரங்கும்தான். ஆண் மான் கறுப்பாக, முறுக்குக் கொம்போடு தனியே நிற்கும், பெண்மான்கள் வெளிர்பழுப்பில் கூட்டமாக மேயும். வண்டியை விட்டு இறங்கிக் கிட்டே போனால் அரை நிமிஷத்தில் கூட்டமே எகிறிக் குதித்துப் போய்விடும். உள்ளேயே உட்கார்ந்திருங்கள், அவை வண்டியைக் கண்டு அவ்வளவு மிரள்வதில்லை. பூநாரைக்குப் பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். வெறுங்கண்ணுக்கு அது தூரத்து இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவி போதும்.

கிட்டே போகலாம் என்று சதுப்பில் இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே வெள்ளையாக உப்புப் படிந்து, காய்ந்த தரை போலவே தெரியும். கால் வைத்தால் அப்பளம் உடைவதுபோல் சத்தம் வரும், இரண்டாம் அடியில் கணுக்கால் வரை கறுப்புச் சேறு. செருப்பு அங்கேயே தங்கிவிடும். காரின் சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் மீட்க வேண்டும். கப்பிச்சாலையையும் ஏற்கெனவே சக்கரத் தடம் விழுந்த வழியையும் விட்டு விலகாதீர்கள். காட்டுக்குள் முள் நிறைய, மூடிய காலணி போடுங்கள். ராமர் பாதம் இருக்கும் மேடுதான் முனையின் உயரமான இடம். அதன் உயரமே சுமார் நாலு மீட்டர் என்றால் சுற்றிலும் எவ்வளவு தட்டையான பூமி என்று புரியும். அதன் மேலிருந்து விடியலில் பார்த்தால் சதுப்பு முழுவதும் தெரியும். சோழர் காலக் கலங்கரை விளக்கத்தைத் தேடுகிறவர்கள் 2004 சுனாமி விட்டுவைத்த இடிபாட்டைத்தான் பார்க்க முடியும்.

சாப்பாடு கோடியக்கரையில் எதிர்பார்க்காதீர்கள், வேதாரண்யம் வந்துதான் ஆக வேண்டும். பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். மயிலாடுதுறை, சீர்காழிக்காரர்களுக்குப் பிச்சாவரம் பக்கத்து வீடு. மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம் 40 கி.மீ. கூட இல்லை. கும்பகோணத்திலிருந்தும் ரயிலில் சிதம்பரம் போய், அங்கிருந்து கிள்ளை வழி பஸ் பிடிக்கலாம். கார் இல்லாத குடும்பத்துக்கு மூன்றில் இதுவே சுலபம். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி மூன்றிலிருந்தும் முத்துப்பேட்டைக்குப் பஸ் உண்டு, ஜாம்புவானோடைக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் ஸ்டேஷனும் இருக்கிறது, ரயில்தான் அளவாக ஓடும். கோடியக்கரைக்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-இல் மறுபடி ரயில் விட்டார்கள், ஆனால் மான் மேயும் நேரத்துக்கு அதைப் பொருத்த முடியாது.

இருதலைக்கொள்ளி தஞ்சாவூர்க்காரர்களுக்குத்தான். முத்துப்பேட்டை சுமார் 75 கி.மீ., மற்ற இரண்டும் நூற்றுப்பத்துக்கு மேல். கோடியக்கரையில் ஆறரைக்கு நிற்க வேண்டுமானால் விடிகாலை மூன்றரைக்கு வண்டி ஏற வேண்டும். வீட்டில் யார் யார் எழுவார்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அத்தனை பேர் எழ மாட்டார்கள் என்றால் மதியம் கிளம்பி மாலை மேய்ச்சலைப் பிடிக்கலாம். ஆனால் திரும்புவது இருட்டில். தை, மாசியில் அந்தச் சாலைகளில் சம்பா நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், அறுவடை இயந்திரம் விளக்கில்லாமல் ஊர்ந்துவரும், பாதி வழி வாய்க்கால் கரையோரம். கூகுள் காட்டும் நேரத்தோடு முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரை, முத்துப்பேட்டை இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கும் ஆசைக்கு வேண்டாம் என்பதே பதில். நடுவில் 70 கி.மீ. அளவுதான், ஆனால் இரண்டும் காலை நேரத்தையே கேட்கின்றன. காலையில் மானைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்குக் கூரையில்லாப் படகில் காயலுக்குள் போவது தண்டனை. கோடியக்கரையோடு சேர்வது வேதாரண்யம் கோயிலும் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவிடமும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்தவர்கள் உப்பெடுத்த இடம் அது, சுற்றிலும் இன்றும் உப்பளம்தான். கோயில் நடை மதியம் சாத்திவிடும், மானை முடித்துக்கொண்டு பத்துக்குள் வந்துவிடுங்கள். பிச்சாவரத்தோடு சிதம்பரம் சேரும். படகு காலையில், மதியம் ஊருக்குள் வந்து கொத்சோடு சாப்பாடு, நடராஜர் கோயில் மாலையில் நடை திறந்த பிறகு. இதைத் தலைகீழாக வைத்தால் உச்சி வெயிலில் துடுப்புப் படகும், சாத்திய கோயிலும் கிடைக்கும். மீனுக்காகப் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தை மறக்க வேண்டாம். அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஓட்டலில் கிடைப்பது குறைவு, விலையும் கூட.

பிச்சாவரத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால், சீர்காழியிலிருந்து வடக்கே போகாமல் தெற்கே தரங்கம்பாடிக்குத் திருப்பிவிடலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் மழைக்கு ஒதுங்க இடமுண்டு. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் சில நிமிஷ நடையில், கடல் அரித்துக்கொண்டே வந்த 1306-ஆம் ஆண்டின் மாசிலாமணிநாதர் கோயில் கரையிலேயே இருக்கிறது. கடலில் மட்டும் இறங்க வேண்டாம், மழை மாதத்தில் அங்கே அலை காலை வாரும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.